சண்டே மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு புத்தகங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸில் போகும்போதோ சாப்பிட்ட பிறகோ நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன். தலையணை உறை வாங்கப் போனவள், வழக்கம்போலப் பழைய புத்தகம் பரப்பியிருந்த தார்ப்பாய் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு புத்தகம் கையில் வந்தது. ஒன்று 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரிப் புவியியல் நூல். அட்டை போய்விட்டது. உள்ளே ஒரு கல்லூரி நூலகத்தின் முத்திரை, அதன்மேல் குறுக்காக 'நீக்கப்பட்டது' என்று இன்னொரு முத்திரை. பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மூன்று நான்கு பேருடைய கையெழுத்தாவது இருக்கும்.

இன்னொன்று சில வருடம் முன்பு வந்த பன்னாட்டுக் கருத்தரங்கத் தொகுப்பு. பளபள அட்டை, ஐந்நூறு பக்கத்துக்கு மேல். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் புத்தகத்துக்குக் கடைக்காரர் 60 ரூபாய் சொன்னார். இரண்டாவதைக் காட்டிக் கேட்டேன். "அது கெடக்கு டீச்சர், சும்மா எடுத்துக்குங்க. எடைக்கு வந்தது" என்றார்.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். அப்போது எழுத வேண்டும் என்று தோன்றியதுதான் இது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் முடித்தவள், கல்லூரியில் படித்தவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் இன்று கல்லூரி ஆசிரியர்கள். என் அண்ணன் மகளும் அவர்களில் ஒருத்தி. ஒரு மாணவன் கல்லூரிகளுக்குப் புத்தகம் சப்ளை செய்கிறான். இவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். பாடம் தமிழில் நடத்தினால் புத்தகமும் தமிழில் வேண்டுமே! அதற்காக அரசே கல்லூரிப் புத்தகம் போட ஆரம்பித்தது. பிறகு மாநில மொழிகளில் பல்கலைக்கழகப் பாடநூல் தயாரிக்க மத்திய அரசின் உதவித் திட்டமும் வந்தது. வரலாறு, பொருளாதாரம், இயற்பியல், உளவியல், புவியியல் என்று நூற்றுக்கணக்கான தலைப்புகள். என் கையில் இருக்கும் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொல் பட்டியல் ஒன்று இருக்கிறது. அந்தச் சொற்களில் பலவற்றை நாங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எங்கிருந்து வந்தவை என்று எங்களுக்கே தெரியாது.

தமிழ் இலக்கியப் பக்கம் தனியார் பதிப்பகங்கள் இருந்தன. மு.வ. எழுத எழுதப் பாரி நிலையம் விற்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் ச. மெய்யப்பன் தாமே மணிவாசகர் பதிப்பகம் நடத்தினார். 1920-ல் தொடங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் சங்க இலக்கியப் பதிப்புகள் இல்லாத தமிழ்த்துறை கிடையாது. பேராசிரியர் எழுதுவார், பதிப்பகம் போடும், பாடத்திட்டக் குழு பாடமாக வைக்கும், மாணவன் வாங்குவான். ஒரு வட்டம்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பாடத்திட்டக் குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்கள் புத்தகம் பாடமாகும் என்ற பேச்சு அப்போதும் உண்டு. தமிழ் வழி பரவாததால் அரசு போட்ட நல்ல புத்தகங்கள் பலவும் அலமாரியிலேயே தங்கிவிட்டன. ஆனாலும் அந்த வட்டத்தின் ஒரு முனையில் படிக்கிறவன் ஒருவன் இருந்தான். அவனுக்குப் புரியாவிட்டால் அடுத்த வருடம் புத்தகம் விற்காது. அந்தப் பயம் எழுதுகிறவருக்கும் இருந்தது, போடுகிறவருக்கும் இருந்தது.

இனி நாக். தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு என்பதன் சுருக்கம். 1986-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1994-ல் பெங்களூரில் அமைத்தார்கள். கல்லூரியில் பாடம் ஒழுங்காக நடக்கிறதா, நூலகம் இருக்கிறதா, ஆய்வு நடக்கிறதா என்று பார்த்துத் தரம் கொடுப்பது வேலை. 2013-லிருந்து தரச்சான்று கட்டாயம் என்று விதி செய்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்ததுதான். நூலகம் என்ற பெயரில் பூட்டிய அறை வைத்திருந்த கல்லூரிகள் கதவைத் திறந்ததும், பெண் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை வந்ததும் நாக் குழு வருகிறது என்ற பயத்தில்தான். அதை மறைக்கக் கூடாது.

ஏழு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆராய்ச்சி. நான்காவது கட்டிட வசதியும் கற்றல் வளங்களும், அதாவது நூலகம். இந்த இரண்டும்தான் புத்தக உலகத்தைத் தொடுபவை. மூன்றாவது புத்தகத்தை எழுத வைக்கிறது, நான்காவது வாங்க வைக்கிறது. எழுதுவது எப்படி, வாங்குவது எப்படி என்பதில்தான் கதையே இருக்கிறது.

2017-ல் முறையை மாற்றினார்கள். குழு நேரில் வந்து பார்ப்பதற்கான எடையைக் குறைத்து, கணினியில் ஏற்றும் எண்களுக்குப் பெரும்பங்கு கொடுத்தார்கள். கடந்த 5 ஆண்டுகளில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை கட்டுரை, எத்தனை புத்தகம், எத்தனை நூல் அத்தியாயம். ஆதாரமாக என்ன காட்ட வேண்டும் தெரியுமா? அட்டை, ஐ.எஸ்.பி.என். எண்ணும் ஆண்டும் உள்ள பக்கம், பொருளடக்கம், கட்டுரையின் முதல் பக்கம். அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இதற்கு முன்பே 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறை கொண்டுவந்தது. அந்த அட்டவணையை அண்ணன் மகள் எனக்குக் காட்டினாள். கணக்கு டீச்சர் அல்லவா, உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பன்னாட்டுப் பதிப்பகத்தில் ஒருவர் தனியாக நூல் எழுதினால் 50 புள்ளி. தேசியப் பதிப்பகம் என்றால் 25. 'மற்ற உள்ளூர்ப் பதிப்பகம்' என்றால் 15. மாநாட்டுத் தொகுப்பில் வரும் ஒரு முழுக் கட்டுரைக்கு 10. அப்படியானால் இரண்டு கருத்தரங்கக் கட்டுரை எழுதினால் 20. உள்ளூரில் ஒரு முழுப் புத்தகம் எழுதினால் 15! எந்தப் பிள்ளை மூன்று வருடம் உட்கார்ந்து புத்தகம் எழுதும்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே இந்தக் கணக்கு வருமே.

2018-ல் அட்டவணையைத் திருத்தினார்கள். பன்னாட்டுப் பதிப்பகப் புத்தகம் 12, தேசியப் பதிப்பகப் புத்தகம் 10. மொழி, கலை, சமூக அறிவியல் துறையில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரைக்கும் 10. தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயத்துக்கு 5. ஆக ஒரு புத்தகமும் ஒரு கட்டுரையும் ஒரே விலை. இரண்டு அத்தியாயம் சேர்ந்தால் ஒரு புத்தகம். ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8-தான். 'உள்ளூர்ப் பதிப்பகம்' என்ற வரி காணாமலே போய்விட்டது. தமிழ் மட்டும் போடுகிற பதிப்பகம் தேசியமா இல்லையா? கேட்டால் கல்லூரிக்கு ஒரு பதில் வருகிறதாம்.

இந்த இடத்தில்தான் கருத்தரங்கத் தொகுப்பு தொழிலாக மாறியது. தொகுப்பு ஒன்றும் புதிதில்லை. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் 1969-லிருந்து வருடாவருடம் கூடி 'ஆய்வுக்கோவை' போட்டு வந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தமிழாசிரியர்கள் சந்திக்கவும், அடுத்தவர் என்ன ஆராய்கிறார் என்று தெரிந்துகொள்ளவும் அது உதவியது. பின்னால் வந்தவர்கள் தொகுப்பைப் பிடித்துக்கொண்டார்கள், சந்திப்பை விட்டுவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பேசினால் 'பன்னாட்டு'. 2010 அட்டவணைப்படி பன்னாட்டு மேடையில் கட்டுரை வாசித்தால் 10, தேசிய மேடையில் 7.5, கல்லூரி அளவில் 3. அழைப்பிதழில் 'பன்னாட்டு' என்று ஏன் அவ்வளவு பெரிய எழுத்தில் போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐ.எஸ்.பி.என். பற்றியும் சொல்ல வேண்டும். அது புத்தகத்தின் தரத்துக்கான முத்திரை இல்லை. கடைக்காரரும் நூலகரும் புத்தகத்தை அடையாளம் கண்டு ஆர்டர் போடுவதற்கான எண். 2007 வரை 10 இலக்கம், அதன்பின் 13. நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. விற்பதற்காக வந்த எண், விற்கவே போகாத புத்தகங்களுக்கு உயிர்நாடி ஆகிவிட்டது. ரேஷன் கார்டு எண்ணைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்வது மாதிரி.

என் அண்ணன் மகள் கதைக்கு வருகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வீராம்பட்டினம் மீனவர்கள் பேச்சில் இருக்கும் கடல் சொற்களைச் சேகரித்தாள். காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், படகின் முன்பக்கம் அணியம், இப்படி நூற்றுக்கணக்கில். ஆடி வெள்ளித் தேர் சமயத்தில் நானும் கூடப் போயிருக்கிறேன். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மணலில் குச்சியால் கட்டுமரம் வரைந்து ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் சொன்னார். அவள் ஒரு நோட்டு முழுக்க எழுதினாள். இரண்டு வருட வேலை.

அந்தச் சமயம் அவள் கல்லூரிக்கு நாக் குழு வரும் வருடம். ஆளுக்கு இரண்டு அத்தியாயம் காட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். புத்தகமாக வரவேண்டியதை உடைத்து ஒரு தொகுப்புக்குக் கட்டுரையாகக் கொடுத்தாள். கட்டணம் 1,800 ரூபாய். சொந்தக் காசு. புத்தகம் வந்ததும், "அத்தே, வந்துடுச்சு" என்று ஓடிவந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே எழுத்துரு மாறி 'ழ' எல்லாம் வேறு ஏதோ ஆகியிருந்தது. சொல் அகராதி போடுகிற கட்டுரையில் எழுத்தே தப்பு! கடைசி இரண்டு பக்கம் இல்லவே இல்லை. பெரியவர் சொன்ன கட்டுமரப் பகுதிகள் அத்தனையும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன. யார் பார்த்துத் திருத்தினார்கள் என்று கேட்டு அவள் போன் செய்தாள். வந்த பதில் இதுதான்: "ஐ.எஸ்.பி.என். வந்துடுச்சு இல்ல மேடம், அப்புறம் என்ன?"

அவர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரிதான். முதல் பக்கம்தானே ஸ்கேன் ஆகப்போகிறது. கல்லூரிக்கு மதிப்பெண் வந்தது. அவளுக்கும் வந்தது. அவள் அன்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெரியவர் அடுத்த வருடம் போய்விட்டார்.

இனி விற்பவன் பக்கம். என் மாணவன், ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு, இன்று வேனில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கடலூர், விழுப்புரம் வரை கல்லூரிகளுக்குப் போகிறான். "நாக் சீசன்தான் டீச்சர் எங்களுக்குத் தீபாவளி" என்று முன்பு சொல்வான். குழு வருவதற்கு ஆறு மாதம் முன்னால் போன் வரும். என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை தலைப்பு, எத்தனை பிரதி, எவ்வளவு ரூபாய் பில் என்பதுதான் பேச்சு. ஆண்டுக்குப் புத்தகத்துக்கும் இதழுக்கும் எவ்வளவு செலவு என்பது நான்காம் அளவுகோலில் ஒரு கேள்வி. குறைந்த காசில் தலைப்பு எண்ணிக்கை கூட வேண்டும். ஆகவே விற்காமல் தேங்கிய பழைய கைடுகள், இன்னும் இரண்டு மூன்று விதமான சரக்கு எல்லாம் நூலகத்துக்குப் போகும். "நல்ல புத்தகம் கொண்டுபோனா தள்ளுபடி பத்தலன்னு திருப்பி அனுப்புவாங்க டீச்சர்" என்றான்.

இப்போது அந்தத் தீபாவளியும் குறைந்துவிட்டது என்கிறான். 2010 வாக்கில் என்-லிஸ்ட் என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. ஒரு கல்லூரி வருடத்துக்கு ஆறாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கட்டினால் ஆறாயிரத்துக்கு மேல் மின் இதழ்களும் லட்சக்கணக்கான மின் நூல்களும் கிடைக்கும். பிள்ளைகளுக்கு நல்ல விஷயம், மறுக்க மாட்டேன். ஆனால் நூலக அறிக்கையில் அந்த லட்சத்தைக் காட்டிவிடலாம் என்றால், தமிழ்ப் புத்தகம் வாங்க யார் பணம் ஒதுக்குவார்கள்? 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். தமிழில் ஆய்வு நூல் போடுகிறவருக்கு இதில் ஒரு பைசாவுக்கு வேலையில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1986-லேயே ஆராய்ச்சி மதிப்பீடு ஆரம்பித்துவிட்டது. கற்பித்தல் தரத்தை மதிப்பிடுவது 1993-ல் வந்தது. பின்னர் ஆறு அம்சம், ஒவ்வொன்றுக்கும் 4, மொத்தம் 24 மதிப்பெண் என்று வைத்தார்கள். ஆறில் ஒன்று கற்றல் வளங்கள். நம் நான்காம் அளவுகோலுக்குப் பெரியப்பா மாதிரி! ஆனால் அங்கே பணம் ஆராய்ச்சி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் போனது. மாணவனுக்காகப் பாடநூல் எழுதுவது புத்திசாலி ஆசிரியர் செய்யாத வேலை ஆகிவிட்டது. கற்பித்தலை உயர்த்தப் போய் கற்பிக்கும் புத்தகத்தைக் கைவிட்டார்கள்.

இதழ்கள் கதை தனி. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களுக்கு 'கொள்ளை இதழ்கள்' என்ற பொருளில் ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் பெயர் வைத்தார். 2014-ல் மட்டும் இப்படிப்பட்ட இதழ்களில் 4.2 லட்சம் கட்டுரைகள் வந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைத் தடுக்கத்தான் 2017-ல் மானியக் குழு அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் வந்தது. அதிலேயே அவை புகுந்துவிட்டன. 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே நாளில் நீக்கினார்கள். 2019-ல் 'கேர்' என்று புதுப் பட்டியல். 2025 பிப்ரவரியில் அதுவும் வேண்டாம், கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதே பிப்ரவரியில் தரம் பார்க்கப் போன நாக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இனி தரவரிசை எழுத்தே வேண்டாம், தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம் என 2024-ல் அறிவித்திருக்கிறார்கள். பார்ப்போம்.

இதை எழுதும்போது என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. உங்களை எத்தனை முறை அங்கே கூட்டிப் போயிருப்பேன், உடைந்த பானை ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டவர்களைத் திட்டியிருப்பேன்! 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டினார், அடுத்த வருடமே 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் அறிக்கை வந்துவிட்டது. சீக்கிரம் செய்தால் தரம் இருக்காது என்று அதனால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் விமலா பெக்லி குழுவினர் 1989-லிருந்து 1992 வரை தோண்டியது முதல் தொகுதியாக வந்தது 1996-ல், இரண்டாம் தொகுதி 2004-ல். மண்ணைத் தோண்டி முடித்து 12 வருடம். இன்றைய 5 ஆண்டுக் கணக்கில் அந்த இரண்டாம் தொகுதி எந்தப் பெட்டியில் விழும்?

அந்தத் தொகுதிகளைப் போட்டது நம் பாண்டியிலுள்ள பிரெஞ்சு தூரகிழக்குப் பள்ளி. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தின் முதல் வெளியீடே 1956-ல் வந்த காரைக்கால் அம்மையார் பாடல்கள்தான், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு. அங்கேதான் தி.வே. கோபாலையர் உட்கார்ந்து தேவாரம் முழுவதையும் பதிப்பித்தார். 1984-லும் 1985-லும் பாடல் தொகுதிகள், ஆராய்ச்சித் தொகுதி 1991-ல். பிறகு 2005-ல் பதினேழு தொகுதிகளாகத் 'தமிழ் இலக்கணப் பேரகராதி'. அவர் வருடத்துக்கு எத்தனை அத்தியாயம் காட்டினார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் நமக்குத் தேவாரப் பதிப்பு கிடைத்திருக்காது, இரண்டு டஜன் சான்றிதழ் கிடைத்திருக்கும்.

இதெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் மகள் ஒன்று சொன்னாள். "அத்தே, நீங்க சொல்றது சரி. ஆனா எனக்கு அடுத்த பதவி உயர்வு வேணும். வீட்டுக் கடன் இருக்கு." அவளிடம் எனக்குப் பதில் இல்லை. அவளைக் குற்றம் சொல்லும் வசதி எனக்குக் கிடையாது. என்னை மதிப்பெண் போட்டுப் பார்க்க என் பணிக்காலத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார், வருடத்துக்கு ஒரு முறை. பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார். அவளுக்கு வருடம் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன்.

இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நோட்டு பத்திரமாக இருக்கிறது. அந்தக் கடல் சொற்களை எழுத்துப்பிழை இல்லாமல் தனிப் புத்தகமாகப் போடப் போகிறோம், 300 பிரதி. புள்ளி வராது. மெய்ப்பு நான் பார்க்கிறேன், அதற்கு என் பட்டயப் படிப்பு போதும். விற்றுத் தருகிறேன் என்று வேன் பையன் சொல்லியிருக்கிறான், தள்ளுபடி மட்டும் கேட்கக் கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

கட்டுமரப் பகுதிகள் பற்றி நோட்டில் இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. வீராம்பட்டினம், நல்லவாடு, பூரணாங்குப்பம் பக்கத்துப் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் கட்டுமரம் ஏறிய தாத்தாவோ அவர் சொன்னதைக் கேட்டிருந்த ஆயாவோ இருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நம்பர் மாறவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், நானே வருகிறேன்.